குதிகாலால் கிழித்த கோடு

மரினுஸ் ரொட்டித் துண்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு சீஸ் சீவலை அளந்து வைத்தார். கடல் தாண்டி ஐஸ்லாந்துக்கு விடுமுறைக்கு வந்தும் நெதர்லாந்துப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. நெதர்லாந்துக்காரர்கள் எங்கே போனாலும் மத்தியானச் சாப்பாடு பையில் கூடவே போகும்.

"ரெண்டு சீவல் வச்சா குடியா முழுகிடும்?" என்றார் ஆத்ரியான்.

"நாப்பது வருஷம் ரொட்டிக்கடை வச்சு ஊரையே கொழுக்க வச்சது போதும்டா. பேசாம பொட்டலத்தக் கட்டு."

"ரெண்டு பேரும் விடிஞ்சதுமே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஆத்ரியானின் மனைவி வில்லமைன் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மூவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து உறைந்த கால்வாயில் ஒன்றாகப் பனிச்சறுக்கு ஆடிய கூட்டாளிகள். மரினுஸ் மட்டும் தனிக்கட்டை. இந்தப் பயணத்துக்காக மூன்று வருடம் பேசிப் பேசியே காலத்தை ஓட்டி, ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தார்கள்.

வெளியே வேனின் ஹாரன் கேட்டது. வழிகாட்டிப் பெண் ஸ்டெய்னுன் வந்துவிட்டாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கம்பளிச் சட்டை, இடுப்பில் மீட்புக் கயிறு சுருட்டி வைத்த ஒரு சிறு பை. வந்ததும் வராததுமாக மூவரையும் பேர் சொல்லியே கூப்பிட்டாள். அந்த நாட்டில் பெரிய பதவியில் இருப்பவரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

முதலில் அருவி. வேனை விட்டு இறங்கியதும் மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மரினுஸின் ஊரில் உயரமான இடமே மனிதர்கள் கட்டிய கடலணைதான். மதகைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும் என்றே வாழ்ந்தவர் அவர். இவ்வளவு தண்ணீர், இவ்வளவு உயரத்திலிருந்து, யாரும் திறந்துவிடாமல் ராத்திரி பகலாக விழுந்துகொண்டிருக்கிறது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. சாரலில் முகம் நனைய நனைய நின்றார்.

"என்னடா, மதகு எங்க இருக்குன்னு தேடுறியா?" என்று ஆத்ரியான் காதில் கத்தினார். மரினுஸுக்குச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

அடுத்து பனியாறு. மலை இடுக்கிலிருந்து ஊர் அகலத்துக்கு இறங்கி வந்த பனி, வெடிப்புகளுக்குள் நீலமாக ஒளிர்ந்தது. "நம்ம தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல பெஞ்ச பனி இது," என்றாள் ஸ்டெய்னுன். எப்போதும் வாய் ஓயாத ஆத்ரியான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வில்லமைனின் கண் கலங்கியது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ரொட்டியைத் தின்றுகொண்டே கடற்கரைக்குப் போகும் வழியில், மரினுஸுக்கு வாய் திறந்துகொண்டது. முப்பத்துநாலு வருடம் கடலணைக் கண்காணிப்பாளராக இருந்தவர். தண்ணீர் என்று வந்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது.

"ஒரு புயலப்போ அணை மேல போகக் கூடாதுன்னு பலகை வச்சுத் தடுப்பு போட்டிருந்தோம்மா. ஒரு ஜெர்மன்காரர் அதைத் தாண்டிப் போயி போட்டோ எடுக்கிறாரு! விட்டேனே ஒரு டோஸ்! 'பலகையில என்ன பொம்மையா வரைஞ்சிருக்கு? எழுத்தைப் படிங்க சார்! உங்களத் தூக்க வர்றவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு'ன்னு கத்தினேன். மனுஷன் வெலவெலத்துப் போயிட்டாரு."

"நல்லா கேட்டீங்க," என்று ஸ்டெய்னுன் வண்டியை நிறுத்தினாள். "இப்ப நான் சொல்றதையும் கேட்டுக்கங்க. கரையில எச்சரிக்கை விளக்கு மஞ்சளா எரியுது. அதுக்குக் கீழ இருக்கிற எச்சரிக்கைப் பலகையத் தாண்டி எறங்காதீங்க. கடலுக்கு முதுகு காட்டாதீங்க. இங்க கரையை ஒட்டியே ஆழம். பத்து நிமிஷம் பூனை மாதிரி இருக்கும், அப்புறம் திடீர்னு ஒண்ணு வரும்."

"ஏம்மா, நாங்க பொறந்த ஊரே கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு. எங்களுக்கே கடலைப் பத்திப் பாடமா?" என்று மரினுஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கரை முழுக்கக் கறுப்பு மணல். ஒரு பக்கம் யாரோ செதுக்கி அடுக்கியதுபோல ஆறுபட்டைக் கல்தூண்கள் வானம் வரை ஏறி நின்றன. கடல் அமைதியாக வந்து போய்க்கொண்டிருந்தது. வில்லமைனுக்குக் குளிரில் விரல் விறைத்ததால், கையுறை எடுத்துவர ஸ்டெய்னுன் வேனுக்குப் போனாள்.

மரினுஸ் பலகையைத் தாண்டி நாலடி இறங்கி மணலைப் பார்த்தார். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டார். அவர் ஊரில் கடலின் எல்லையை அப்படித்தான் குறிப்பார்கள். பிறகு ஈரத்துக்கு மேலே பத்தடி தள்ளி, குதிகாலால் மணலில் ஒரு நீளக் கோடு கிழித்தார்.

"ஆத்ரியான், வாடா. இந்தக் கோட்டைத் தாண்டித் தண்ணி வராது. தூண் பக்கத்துல நில்லு, போட்டோ எடுக்கிறேன்."

"பலகை வேண்டாம்னு சொல்லுதேடா?"

"அது கடலையே பாக்காதவங்களுக்கு. நான் எதுக்கு முப்பத்துநாலு வருஷம் சம்பளம் வாங்கினேன்?"

ஆத்ரியானுக்கு அது போதும். தண்ணீர் விஷயத்தில் மரினுஸ் சொல்லிவிட்டால் அவரிடம் மறுபேச்சே கிடையாது. இறங்கிப் போய்க் கடலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

கைபேசித் திரையில், ஆத்ரியானின் தோளுக்குப் பின்னால், தொடுவானம் மேலே ஏறியது. மரினுஸ் முதலில் அதை அலை என்றே நினைக்கவில்லை. கடலே எழுந்து நின்றதுபோல இருந்தது. பயத்துக்கும் முன்னால் அவருக்கு வந்தது பிரமிப்புதான். அடேயப்பா என்று வாய் பிளந்து நின்ற அந்த ஒரு நொடியில் கோட்டையும் தாண்டி, அவர் முழங்காலையும் தாண்டி வெள்ளம் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் ஆத்ரியானைக் காணோம்.

வில்லமைன் வீறிட்டாள். தூணுக்கு அருகே ஒரு கை மட்டும் தெரிந்தது. மரினுஸ் பாயப் போனார்.

"வராதீங்க! கயித்தப் புடிங்க!" ஸ்டெய்னுன் ஓடிவந்த வேகத்தில் கயிற்றின் ஒரு முனையை அவர் கையில் திணித்துவிட்டு, மறுமுனையை இடுப்பில் மாட்டியபடி தண்ணீருக்குள் இறங்கினாள். ஆத்ரியானின் சட்டைக் காலரைப் பிடித்தாள். அதற்குள் இரண்டாவது அலை இருவரையும் மூடியது.

மரினுஸின் கையில் கயிறு மட்டும் இருந்தது. அந்த முனையில் இரண்டு உயிர். வில்லமைனும் பின்னால் வந்து பிடிக்க, உள்ளங்கை கிழியக் கிழிய இழுத்தார்கள். அலை பின்வாங்கியபோது, மணலோடு மணலாக இருவரும் வந்து விழுந்தார்கள்.

ஆத்ரியானுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. ஒரு காலணியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உயிர் இருந்தது. வேனில் கம்பளிக்குள் நடுங்கியபடி, "சீஸ் இன்னொரு சீவல் வச்சிருந்தா கனத்துல ஆடாம நின்னிருப்பேன்டா," என்றார். வில்லமைன் அழுதுகொண்டே அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மரினுஸின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

வெளியே ஸ்டெய்னுன், நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கைபேசியில் பேசினாள். "பாலர் பள்ளிதானே? அஞ்சு மணிக்கு என்னால வர முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் பொண்ணைக் கொஞ்ச நேரம் அங்கயே வச்சிருங்க. எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க."

மரினுஸ் வேனை விட்டு இறங்கி அவளிடம் வந்தார். "எத்தன வயசும்மா?"

"நாலு."

"என்னைத் திட்டிடும்மா. வாய்க்கு வந்தபடி திட்டு."

"நான் எதுக்குத் திட்டணும்?" என்றாள் அவள், களைத்துப்போன குரலில். "அந்த ஜெர்மன்காரர்கிட்ட நீங்க சொன்னதே போதும்."

மரினுஸ் அங்கிருந்து விலகினார். ஆம்புலன்ஸ் வரும்வரை தனியாக இருக்கலாம் என்று பலகைப் பக்கம் நடந்தார். கடல் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி சாதுவாக வந்து போனது. அவர் கிழித்த கோடு இருந்த இடமே தெரியவில்லை. எவ்வளவு பெரியது இது, எவ்வளவு சின்னது என் கணக்கு என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போது ஒருவர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பலகையைத் தாண்டினார்.

"சார், நில்லுங்க!"

"பரவால்ல. நான் இருபது வருஷம் கப்பல்ல வேலை பாத்தவன். கடல் எனக்குப் புதுசில்ல."

"நான் முப்பத்துநாலு வருஷம் கடலணை காத்தவன்," என்றார் மரினுஸ். இடுப்பு வரை நனைந்த உடையிலிருந்து நீர் சொட்டியது. "இந்தப் பலகைய ஒண்ணும் தெரியாதவனுக்கு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். தெரியாதவன் பயந்து தானே ஒதுங்கிடுவான் சார். எல்லாம் தெரியும்னு நெனைக்கிறவனுக்குத்தான் இதை வச்சிருக்காங்க. நாம இதை மீறினா நம்ம உயிரோட மட்டும் போகாது. நம்மளத் தூக்க ஓடிவர்றவளுக்கும் வீட்டுல ஒரு கொழந்த காத்துக்கிட்டு இருக்கு."

அந்த மனிதர் அவருடைய கிழிந்த உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்.

மரினுஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் பலகையை அப்போதுதான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.