கொக்கி பிடிக்கும் இடம்

பெட்டி வாசலில் தயாராக நின்றது. காரின் டிக்கியைத் திறக்க முடியாமல் அவள் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க ஃபேன் மாட்டி, ஃபியூஸ் போட்டு அலையும் எலக்ட்ரீஷியன் புருஷனின் சொந்தக் காரில் டிக்கிப் பூட்டு மாதக்கணக்காக இறுகிக் கிடந்தது. அவளும் சொல்லிப் பார்த்தாள். "நாளைக்குப் பாக்கலாம்" என்பது அவன் வாயில் நிரந்தரமாகக் குடியிருந்தது. பெண்டாட்டி தன் அக்கா வீட்டுக்கே கிளம்புகிறாள் என்றதும்தான் ஐயாவுக்கு ஸ்க்ரூடிரைவர் கண்ணில் பட்டது.

சண்டையெல்லாம் இல்லை. சண்டை போடவும் பேச்சு வேண்டுமே. வேலை முடிந்து வருவான், சாப்பிடுவான், செல்போனைப் பார்த்தபடியே தூங்கிப்போவான். அவள் எதையாவது சொன்னால் "ம்" கொட்டுவான். பிறகு அவளும் சொல்வதை விட்டுவிட்டாள். இந்தமுறை போனால் திரும்பமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். 'போகாதே' என்ற ஒற்றை வார்த்தைக்குக் காலையிலிருந்து அவனுக்கு நா எழவில்லை. பூட்டைச் சாக்காக வைத்து நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தான்.

எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பூட்டு இன்னும் இறுகும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவித் துவாரத்தில் ஊதினான். ஒருவழியாக மூடி திறந்தது. சாத்தினால் மறுபடியும் பழைய கதை. கொக்கி எங்கே சிக்குகிறது என்பது மூடியிருக்கும்போது உள்ளேயிருந்து பார்த்தால்தான் தெரியும். டார்ச்சையும் சின்ன அரத்தையும் எடுத்துக்கொண்டு டிக்கிக்குள் ஏறி, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்தான்.

"நீ மூடு. நான் தட்டினதும் சாவி போட்டுத் திற."

"திறக்கலேன்னா?"

"திறக்கும்."

மூடினாள். ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. டார்ச் வெளிச்சத்தில் கொக்கியின் ஓரத்தில் ஒரு பிசிறு தெரிந்தது. இத்தனை நாள் படுத்திய பாட்டுக்கு இதுதானா காரணம் என்று திட்டிக்கொண்டே அதை ராவி எடுத்தான். பிறகு தட்டினான்.

சாவி நுழைந்தது. திரும்பியது. மூடி கிறீச்சிட்டுத் தூக்கப்படும் சத்தமும் கேட்டது. ஆனால் அவன் முகத்துக்கு மேலே தகரம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் கொக்கி இம்மியும் அசையவில்லை.

"வந்துட்டீங்களா? மூஞ்சியெல்லாம் கரி" என்றாள் அவள், வெளியே.

"ஒரு பிசிறு இருந்துச்சு. ராவிட்டேன்."

பதில் சொன்னது அவனுடைய குரல். அவன் வாயைத் திறக்கவேயில்லை. மூடி சாத்தப்படும் சத்தத்தில் கார் குலுங்கியது. அவனுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கத்தப்போனான். அதற்குள் அந்தக் குரல் மறுபடியும் பேசியது.

"போகாத."

"என்ன சொன்னீங்க?"

"போகாதன்னு சொன்னேன். உன்கிட்ட நான் பேசாம இருந்தது தப்புதான். நீ இல்லாத வீட்டுல எனக்கு என்ன இருக்கு?"

அவள் அழுதாள். "இதச் சொல்ல இத்தன நாளா?" என்று கேட்டபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! டிக்கிக்குள் கிடந்தவனுக்கு வயிறு எரிந்தது. நான் சொல்லவேண்டியதை எவன் சொல்கிறான்?

விரலால் கொக்கியைத் தள்ளினான். பிசிறு போன கொக்கி சொன்னபடி கேட்டது. மூடி ஒரு விரல்கடை எழும்பி, வெயில் கோடாக உள்ளே விழுந்தது.

அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவனைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து, ஒருவன் அவள் பெட்டியை வீட்டுக்குள் தூக்கிப்போனான். கூடவே நடந்தவள் அவன் கன்னத்துக் கரியைத் தன் கையால் துடைத்துவிட்டாள். வாசற்படியில் அவன் நின்று, காரைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

மூடி ஸ்பிரிங்கின் வேகத்தில் மேலே எழத் துடித்தது. உள்ளேயிருந்தவன் இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கு வழியே வீட்டுக் கதவு மெல்லச் சாத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.