ஆளிருந்தால் பச்சை

1

குற்றாலத்தில் மழைக்கு ஒரு லாட்ஜில் ஒதுங்கியபோது, வரவேற்பில் இருந்தவர் சொன்ன சம்பவம் இது. "எழுதுங்க சார், சிரிப்பா இருக்கும்" என்றார். சிரிப்புக் கதையாகத்தான் தொடங்கினேன்.

'மெல்லிய சாரல் அவள் கன்னத்தை—'

வேண்டாம். இந்த வரி என் பல தொடர்களில் வந்துவிட்டது. (தொடர் எழுதுகிறவனிடம் சாரல், கண்ணீர், மன்னிப்பு எல்லாம் ஒரே இடத்தில் தயாராக இருக்கும். வேண்டிய அத்தியாயத்தில் எடுத்துப் போட்டுக்கொள்வோம்.)

2

நிவேதாவும் பேச்சிராஜும் கல்லூரித் தோழர்கள். குத்துக்கல்வலசையில் ஒரு மாடியறையில் இருந்து லாட்ஜ்களுக்கு மென்பொருள் எழுதினார்கள். திரையில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கட்டம். காலி என்றால் பச்சை, ஆளிருந்தால் சிவப்பு. முன்பதிவுத் திரையானாலும் துப்புரவுத் திரையானாலும் அதே கட்டம்தான். அதன் நிறங்கள் எல்லா லாட்ஜுக்கும் பொதுவான ஒரே கோப்பில் இருந்தன. அது நிவேதாவின் சட்டம். "தனித்தனியா வச்சா யாரு கெட்டி மேய்க்க?" என்பாள்.

ஆவுடைநாயகம் அண்ணாச்சி தன் லாட்ஜ் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "காசு தருத ரூமு செவப்பா? ஆளிருந்தா பச்சை போடுங்க. காலியாக் கெடந்தாத்தான் எனக்குச் செவப்பு."

"ஏட்டி, அண்ணாச்சிக்கு மட்டும் தனியா எழுதவா, பொதுவுல மாத்தவா?" என்று கேட்டான் பேச்சிராஜ்.

போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த நிவேதா திரும்பாமலே சொன்னாள்: "பொதுவுலயே மாத்துலே."

3

சீசன் சனிக்கிழமை. எல்லா லாட்ஜிலும் நிறம் தலைகீழ். இன்னொரு லாட்ஜ்காரர் பரமேஸ்வரன் மாடியேறி வந்து கத்தினார். "பச்சையப் பாத்துச் சாவியக் குடுத்தோம். உள்ள ஒருத்தரு துண்டோட நிக்காரு! காலி ரூம வச்சுக்கிட்டு, செவப்புன்னு வந்தவனையெல்லாம் தொரத்துதோம்! எவன்லே மாத்துனது?"

தான் சொன்னது நிவேதாவுக்கு நினைவிருந்தது. வாயில் வந்தது வேறு.

"இவன்தான் அண்ணாச்சி. என்னயக் கேக்காமப் பண்ணிட்டான்."

பேச்சிராஜ் அவளைப் பார்த்தான். பொதுக் கோப்பைப் பழையபடி மாற்றி அனுப்பினான். ஆவுடைநாயகத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கோப்பு எழுதி வைத்தான்.* ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். இப்போது சுரண்டையில் செல்போன் பழுது பார்க்கிறான்.

* தன் 'ஒரே கோப்பு' சட்டப்படி நிவேதா அதை நீக்கியிருக்க வேண்டும். இன்றுவரை தொடவில்லை. வேலையின் நடுவே சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள்.

4

முடிவு ஒன்று: ஒரு நாள் அவனே திரும்பி வந்து, சிரித்துக்கொ—

அவன் வரமாட்டான்.

முடிவு இரண்டு: நிவேதா சுரண்டை பஸ் ஏறுகிறாள். கடையில் அவன் தலைநிமிர்ந்து, "என்னட்டி, ஸ்கிரீன் போயிட்டா?" என்கிறான். அவள் பேச வேண்டும். 'என்னை மன்னிச்சிரு' என்று எழுதிப் பார்த்தேன். என் தயார்ச் சரக்கு அது. எந்தக் கதாநாயகிக்கும் பொருந்தும். இவள் வாயில் ஒட்டவில்லை.

அன்றைக்கு அவன் ஒரே ஓர் ஆளுக்காகத் தனியாக எழுதி வைத்தானே, அதுபோல அவனுக்கு மட்டும் என்று ஒரு வரி வேண்டும். என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் இங்கே எழுதுங்கள்.

"ஏலே பேச்சி, ................"

கொஞ்சம் சீக்கிரம். அவள் கையிலிருக்கும் போனை, உடைந்ததென்று நினைத்து, அவன் வாங்கிப் பார்க்கக் கை நீட்டுகிறான்.