சத்தமில்லாத கிளிக்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நிறுவனத்தின் ஏழாவது மாடி கான்ஃபரன்ஸ் அறையில் ஒன்பது ஆண்டுகள் இரவு பகல் பாராது உழைத்து, முதுகில் நிறம் போய், அடிவயிற்றில் பிசுக்கேறிய மவுஸ், சென்ற வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, ஜி.எம். அவர்களின் உரையின் நடுவே தன் கடமையிலிருந்து விடுபட்டது. அதன் வாரிசைத் தேர்ந்தெடுக்கும் மாபெரும் பொறுப்பு நிர்வாக அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சாவு இயற்கையானதல்ல. ஜி.எம்.முக்கு உட்கார்ந்து பேச வராது. மவுஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவே நடப்பார். அம்புக்குறியை நகர்த்த வேண்டுமென்றால் மவுஸைத் தொடையில் வைத்துத் தேய்ப்பார். வயர் எவ்வளவு தூரம் வரும் என்பதெல்லாம் ஜி.எம்.கள் யோசிக்கிற விஷயமில்லை. அன்று அது வராத தூரத்துக்கு அவர் போனார். வயர் விறைத்து, மேஜையைக் கூட்டிப் பெருக்கி, நான்கு தண்ணீர் டம்ளர்களை விருந்தினர் மடியில் சேர்த்துவிட்டு அறுந்தது.

ஈரமான விருந்தினர் போன பிறகு ஜி.எம். அலுவலரைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அலுவலர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்.

"அடுத்த வியாழக்கிழமை ஹெட் ஆபீஸ்லேர்ந்து வராங்க. அதுக்குள்ள வயர் இல்லாதது ஒண்ணு வாங்கிடுங்க. இதையாவது ஒழுங்கா பண்ணுங்க."

அந்த 'இதையாவது' அலுவலரின் காதுக்குள் புகுந்து குடித்தனம் பண்ண ஆரம்பித்தது. அதற்குக் காரணம் இருந்தது. மூன்று பிரிவுகளில் ஒன்றை மூடிவிட்டு, அந்த வேலையை வெளியே காண்ட்ராக்டில் விடப்போகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு. எந்தப் பிரிவு என்பது ஹெட் ஆபீஸ் ஆட்கள் வரும் வியாழக்கிழமை தெரிந்துவிடும் என்றும் பேச்சு. அலுவலருக்கு வயது ஐம்பத்திரண்டு. பெண் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஐம்பத்திரண்டு வயது நிர்வாக அலுவலரை வேறு எந்த நிறுவனமும் வாசல் வரை வந்து வரவேற்காது என்பது அவருக்குத் தெரியும். ஆக, மவுஸ் என்பது மவுஸ் அல்ல, பரீட்சை. வியாழக்கிழமை அம்புக்குறி ஒழுங்காக நகர்ந்தால் பிழைத்தார். நடுங்கினால் போனார். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

அலுவலகத்தில் அவருக்குச் சுற்றறிக்கை என்று பெயர். அவர் எதிரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் இல்லாதபோது வேறெப்படியும் சொல்வதில்லை. கழிவறைக் குழாயை இறுக மூடுவது பற்றி மட்டும் ஆறு சுற்றறிக்கை விட்டவர். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. இப்போதும் பழக்கதோஷத்தில் ஒன்றை விட்டார்: கான்ஃபரன்ஸ் அறை மவுஸ் குறித்த ஆலோசனைகள் எழுத்துமூலம் வரவேற்கப்படுகின்றன. பதினோரு பதில் வந்தது. சிவப்பு வேண்டாம் என்றார் ஒருவர். தொட்டால் சில்லென்று இருக்கக்கூடாது என்றார் இன்னொருவர். ஒன்பது பேர் குழாயைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை கடைக்குப் போனார். கடைக்காரர் நான்கு மவுஸை வரிசையாக வைத்து, நாலுமே நல்லது என்றார். எந்த விதத்தில் நல்லது என்று அலுவலர் கேட்டார்.

"அமுக்கினா வேலை செய்யும், சார்."

"எல்லாமே அப்படித்தானே?"

"அதான் நாலுமே நல்லதுன்னேன்."

நான்கையும், பிடிக்காததைத் திருப்பித் தருவதாகப் பேசி, வீட்டுக்கு எடுத்து வந்தார். மத்தியானம் பெண்ணின் லேப்டாப்பைக் கூடத்தில் வைத்து, ரிசீவர் என்கிற நகத்தளவு துண்டைச் செருகி, மவுஸைத் தொடையில் தேய்த்துக்கொண்டு சமையலறை வரை நடந்தார். திரும்பினார். மறுபடி நடந்தார். முதலில் பருத்தி வேட்டியோடு நடந்தவருக்கு, ஜி.எம். போடுவது வழவழப்பான பேண்ட் அல்லவா என்று உறைத்தது. உள்ளே போய்க் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த பேண்டைத் தேடி எடுத்தார். மேல் பொத்தான் சேரவில்லை. ஒரு கையால் பேண்டையும் மறு கையால் மவுஸையும் பிடித்துக்கொண்டு நடை தொடர்ந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். காலை ஷிப்ட் முடிந்து வந்தவள், வாசலிலேயே செருப்போடு நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, என்னைப் பாக்க வந்தப்போ எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"காபி குடிச்சதையும் சேத்து. அப்பவே நான் நாலு பேரா வந்து நின்னிருக்கணும்."

அலுவலர் சிரிக்கவில்லை. நின்றார். அவர் கையிலிருந்த மவுஸ் தொடையின் மேல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் அம்புக்குறியும் ஆடியது. அவள் திரையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். பகலெல்லாம் ஊசிக்குப் பயந்தவர்களின் கையைப் பிடிக்கிறவள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

"நடங்க. எது எங்க நிக்குதுன்னு நான் எழுதறேன்."

மாலைக்குள் இரண்டு மவுஸ் கழிந்தன. ஞாயிற்றுக்கிழமை, ஜி.எம். எந்தக் கைக்காரர் என்ற கேள்வி எழுந்தது. மீதி இரண்டில் ஒன்று வலது கைக்கென்றே வளைத்துச் செய்தது. பதினான்கு வருடம் எதிரில் நின்று திட்டு வாங்கியிருக்கிறார், ஆனால் திட்டும்போது எந்தக் கை ஆடியது என்று கவனிக்கத் தோன்றவில்லை. பழைய சுற்றறிக்கைகளை எடுத்துப் பார்த்தார். ஜி.எம்.மின் ஒப்புதல் கையெழுத்து ஒவ்வொன்றிலும் மை இடமிருந்து வலமாக இழுபட்டிருந்தது. எழுதின கையே தேய்த்துக்கொண்டு போன கறை. இடது கை. மூன்றாவதும் கழிந்தது.

திங்கட்கிழமை நான்காவதோடு ஏழாவது மாடிக்குப் போனார். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம் மேடம் துணைக்கு வந்தாள். மேஜைமேல் வைத்து நகர்த்தினால் அம்புக்குறி அசையவில்லை. அசைந்தபோது மூலைக்குப் பாய்ந்தது.

"கண்ணாடி மேஜை சார். சாதாரண மவுஸுக்குக் கண்ணாடி ஒத்துக்காது. ஒரு பேப்பரை அடில வைங்க."

அந்த அறையில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார். மேஜை கண்ணாடி என்பது தெரியும். அதைத் துடைக்கும் முறை பற்றிச் சுற்றறிக்கையே விட்டிருக்கிறார். ஜி.எம். எப்போதாவது நடப்பதை நிறுத்தி மவுஸை மேஜையில் வைத்துவிட்டால்? பேப்பர் வைத்தால் ஹெட் ஆபீஸ் ஆட்கள் பார்ப்பார்களே? அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே கடைக்கு ஓடினார். கண்ணாடியிலும் துணியிலும் ஓடுகிற மவுஸ் ஒன்று கிடைத்தது. செவ்வாய்க்கிழமை அது கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போன அழகைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கும் போலிருந்தது. அப்புறம் கிளிக் செய்தார். 'டக்' என்றது.

ஜி.எம்.முக்குச் சத்தம் ஆகாது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னவர். பேனாவை அமுக்கி அமுக்கி எடுத்த ஒருவரைக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பியவர். அந்த ஆள் அங்கே இப்போதும் பேனாவால்தான் எழுதுகிறார் என்று கேள்வி, ஆனால் மூடி போட்ட பேனா.

மறுபடி கடை. கண்ணாடியில் ஓட வேண்டும், தொடையில் ஓட வேண்டும், இடது கைக்கு ஒத்துவர வேண்டும், சத்தம் வரக்கூடாது என்று அலுவலர் அடுக்கினார். கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். பிறகு பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். அலுவலர் அதைக் காதில் வைத்து அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு காது. அதிலும் கேட்கவில்லை. வாரண்டி அட்டையில், பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பதவியைத் தெளிவான எழுத்தில் நிரப்பி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே அறையில் இருந்தார். பேட்டரியை மாற்றினார். மாற்றின பேட்டரி பழையதோ என்று சந்தேகம் வந்து இன்னொரு முறை மாற்றினார். ரிசீவரைப் பிடுங்கிச் செருகினார். மூன்றாவது தடவை அவர் அதைப் பிடுங்கப் போனபோது சிஸ்டம் மேடம் கையைத் தட்டிவிட்டாள்.

"சார், அது நல்லா இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல. போய் உக்காருங்க."

கதவோரம், விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட் ஆபீஸிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஜி.எம். மவுஸை இடது கையில் எடுத்தார். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறோம் என்று அலுவலருக்குப் பாதி உயிர் வந்தது. ஜி.எம். நடந்தார். தொடையில் தேய்த்தார். திரையில் அம்புக்குறி, தண்ணீரில் இலை போவதுபோலப் போயிற்று. வரைபடங்களைச் சுட்டியது, எண்களைச் சுற்றி வந்தது, சொன்ன இடத்தில் நின்றது. ஒருமுறை ஜி.எம். பேச்சு மும்முரத்தில் மவுஸைக் கண்ணாடியில் வைத்தார். அலுவலர் நாற்காலி நுனிக்கு வந்தார். கண்ணாடியிலும் ஓடியது. ஹெட் ஆபீஸ்காரர் ஒருவர் தலையை ஆட்டினார். அவர் மவுஸைப் பாராட்டித்தான் ஆட்டுகிறார் என்பதில் அலுவலருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வாரமாகக் காதுக்குள் குடியிருந்த 'இதையாவது' மெல்ல மூட்டை கட்டத் தொடங்கியது. சாயங்காலம் மனைவிக்கு என்ன வாங்கிப் போகலாம் என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

பன்னிரண்டாவது ஸ்லைடில் நிறுவனத்தின் அமைப்பு வந்தது. மேலே ஒரு பெரிய கட்டம், கீழே மூன்று கட்டங்கள். ஜி.எம். ஜன்னலோரம் நின்று மவுஸைத் தொடையில் இழுத்தார். அம்புக்குறி முதல் கட்டத்தைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவதில் 'நிர்வாகம்' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துகளின் நடுவில் வந்து, துளிகூட நடுங்காமல் நின்றது.

ஜி.எம். அமுக்கினார்.

ஒரு சத்தமும் கேட்கவில்லை. கட்டம் மங்கியது, மறைந்தது. மற்ற இரண்டு கட்டங்களும் நகர்ந்துவந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன. பரிசீலித்து இரண்டு மாதம் முன்பே முடிவானது, இன்று ஒப்புதல் மட்டும்தான் என்று ஜி.எம். சொல்லிக்கொண்டு போனார். யாரோ விளக்கைப் போடச் சொன்னார்கள். அலுவலர் எழுந்து போட்டார்.

கூட்டம் கலைந்தது. ஜி.எம். வாசலில் ஒரு வினாடி நின்றார். அலுவலரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பைக்குச் சற்றுக் கீழே பார்த்தார்.

"மவுஸ் பிரமாதம்," என்றார்.

மவுஸுக்கு இரண்டு வருடம் வாரண்டி.