வேப்பெண்ணெய் விட்ட கஞ்சி

கல்யாண மண்டபத்து வாசலில் தொங்கிய பேனரைப் பார்த்ததும் கமலவேணிக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அவளுடைய அம்மா மயிலம்மாள், உயிரோடு இருந்தவரை ஒருநாளும் கட்டியிராத பட்டுச்சேலையில், கழுத்து நிறைய நகையோடு அதில் நின்றுகொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், ‘மயிலம்மாள் கைப்பக்குவம்: சந்தகையும் தேங்காய்ப்பாலும்’. சந்தகை என்றால் இடியாப்பம் போல மர அச்சில் பிழிந்தெடுப்பது. கம்ப்யூட்டரில் பட்டுச்சேலை கட்டிவிட்ட புண்ணியவான், தோட்டுக்குப் பதிலாக அம்மா காதில் செருகியிருந்த ஈர்க்குச்சியை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தான்.

“வெண்ணந்தூர்ல நம்ம ஊட்டுல சந்தகை புழியற மரம் எங்கடா இருந்துச்சு?” என்று தம்பி கந்தவேலைப் பிடித்துக்கொண்டாள்.

கந்தவேல் சேலத்திலிருந்து பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறவன். வெள்ளைச் சட்டை கசங்காமல் நடக்கக் கற்றுக்கொண்டவன். ‘சேலத்து அடுப்பு’ என்ற இந்த விழாவுக்கு மண்டபமும் பந்தலும் அவன் உபயம். ஒரு குடும்பம், ஒரு பண்டம், அதன் கதை என்பதுதான் விழா. இந்த ஊர் எதைத் தின்று வளர்ந்தது என்பதை ஊர்க்காரர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்று, கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் சௌந்தர்யா வீடு வீடாக ஏறி இறங்கி ஏற்பாடு செய்திருந்தாள். ஆட்டையாம்பட்டியிலிருந்து முறுக்கு வந்திருந்தது. மேட்டூர்க்காரர்கள் மீன்குழம்புச் சட்டியோடு காலையிலேயே இறங்கிவிட்டார்கள். கமலவேணி பெயர் கொடுத்திருந்தது கஞ்சிக்கு.

“அக்கா, சத்தம் போடாத. சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க. எம்பொண்ணு யுவஸ்ரீக்கு இப்பத்தான் நிச்சயம் பண்ணிருக்குது. அவங்க முன்னால, பாவுக்குப் போடற கஞ்சியக் குடிச்சு வளந்தோம்னு சொல்லப்போறியா?”

“குடிச்சுத்தானடா வளந்தோம்.”

“அதுக்குன்னு மைக் புடிச்சுச் சொல்லோணுமா?”

“நீ பேனரே கட்டிட்ட. நான் மைக் புடிச்சா என்ன?”

பாவுக் கஞ்சி என்பது மனுசர் குடிக்க வைப்பதல்ல. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சித் தடவுவார்கள். அப்போதுதான் நூல் விறைத்து நிற்கும், நெய்யும்போது அறாது. அந்தக் கிழங்கு மாவை நூலோடு சேர்த்து முதலாளி வீட்டிலிருந்துதான் கொடுப்பார்கள். கொடுக்கும்போதே அதில் வேப்பெண்ணெயைப் பிசிறியிருப்பார்கள். பூச்சி விழாமல் இருக்க என்று காரணமும் சொல்வார்கள். அந்தப் பூச்சி யார் என்பது தெருவுக்கே தெரியும்.

மழை பெய்தால் தெருவில் பாவு போட முடியாது. பாவு இல்லாவிட்டால் நெசவு இல்லை, கூலி இல்லை. அடுப்பும் அணைந்து கிடக்கும். அந்த நாட்களில் மயிலம்மாள் முதலாளி வீட்டு மாவில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீராகக் காய்ச்சி, தான் பட்டினி கிடந்து, பிள்ளைகள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைப்பாள். “மூக்கப் புடிச்சுக்க சாமி, ஒரே மடக்கு” என்பாள். குடித்து முடித்ததும் கசப்பு போக உள்ளங்கையில் ஒரு கல் உப்பு வைப்பாள். கந்தவேல் மட்டும் தினமும் இன்னொரு கல்லுக்குக் கையை நீட்டுவான். மாவு குறைந்த பாவில் இழை அறுந்துகொண்டே இருக்கும். அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் அறுந்ததையெல்லாம் முடிந்துகொண்டே நெய்வார். அவருக்கும் எல்லாம் தெரியும்.

அந்தக் கமலவேணிதான் வளர்ந்து சத்துணவு அமைப்பாளராகி, பள்ளிக்கூடத்து அரிசியில் ஒரு வண்டு ஓடினாலும் மூட்டையோடு திருப்பி அனுப்பினாள். அதிகாரிகள் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தாள்.

பந்தலில் தனக்கு ஒதுக்கிய இடத்தில் அடுப்பு மூட்டி, கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டினாள். கண்ணாடி போலப் பளபளவென்று கஞ்சி திரண்டது. சௌந்தர்யா ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்த்தாள்.

“நல்லாத்தானுங்கம்மா இருக்குது. இப்படியே குடுத்துரலாமே. அந்த எண்ணெய் வேண்டாங்க. எல்லாரும் மூஞ்சியச் சுளிப்பாங்க.”

“சுளிக்கட்டும் கண்ணு. நாங்களும் சுளிச்சோம்.”

கந்தவேல் அதற்குள் ஒரு சமாதானத்தோடு வந்து சேர்ந்தான். வியாபாரியாயிற்றே. “சரிக்கா, கஞ்சியே வெச்சுக்க. வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஊத்திரு. கிழங்குக் கஞ்சி, பாரம்பரியம்னு சொல்லிக்கலாம். அம்மா பேரு நல்லபடியா நிக்கும்.”

கமலவேணி ஒரு நிமிஷம் யோசித்தாள், இல்லையென்று சொல்வதற்கில்லை. வெல்லம் ஊற்றினால் கூட்டம் வரும், தம்பி முகம் மலரும், கல்யாணம் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் நடக்கும். ஆனால் அதைக் குடிக்கிறவர்கள், மயிலம்மாள் பிள்ளைகளுக்கு இனிப்பாக ஊற்றி வளர்த்தாள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவள் திருடியது தெரியாது. எதற்காகத் திருடினாள் என்பதும் தெரியாது. அம்மாவை இரண்டாம் தடவை பட்டினி போடுவது போல இருந்தது அது. பையிலிருந்து வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்து, மூடியைத் திருகி, தம்பி பார்க்கப் பார்க்கவே கஞ்சியில் விட்டாள்.

“உன்ன மாதிரி ஒரு அழும்பு புடிச்சவள நான் பாத்ததில்ல,” என்று சொல்லிவிட்டு அவன் விறுவிறுவென்று போய்விட்டான்.

கூட்டம் வந்தது. கமலவேணி மைக்கெல்லாம் பிடிக்கவில்லை. டம்ளரை நீட்டியபடியே, வருகிறவர்களிடம் மழையையும் மாவையும் எண்ணெயையும் சொன்னாள். சிலர் ஒரு வாய் குடித்துவிட்டு ஓரமாகப் போய்த் துப்பினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கசப்பினாலா என்று தெரியவில்லை. பலர் முறுக்குப் பக்கம் நழுவினார்கள். கமலவேணி கலங்கவில்லை. அடுத்த டம்ளரை ஊற்றினாள்.

அப்புறம் வந்தார் சம்பந்தி பிரபாகர். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் ஓட்டுகிற பெரிய கை. கந்தவேல் அவரைச் சந்தகைப் பக்கம் திருப்பப் பார்த்தான். மண்டபத்துச் சமையல்காரரை வைத்து அதையும் அவன் தனியாகப் பிழிய வைத்திருந்தான். ஆனால் மனுசர் நேரே கமலவேணியிடம் வந்து, நின்று முழுக்கதையும் கேட்டார். ஒரு வாய் குடித்தார். முகம் கோணிவிட்டது. மரியாதைக்கு விழுங்கிவிட்டு, டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. இத எப்படிங்க கொழந்தைங்க குடிச்சிருக்க முடியும்? சும்மா கதைக்குச் சொல்றீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கமலவேணிக்கு முகம் சிவந்தது. வாயைத் திறப்பதற்குள் கந்தவேல் அவளைத் தாண்டிக் கையை நீட்டினான். அவள் சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு போய்க் கொட்டப் போகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் எடுத்தது சம்பந்தி வைத்த டம்ளரை. அந்த வாடை பட்டதும் அவன் முகம் என்னவோ ஆகிவிட்டது.

“கதை இல்லீங்க,” என்றான். “இப்படித்தான் குடிச்சோம்.”

இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். கண்ணை இறுக்கி மூடினான். ஒரே மடக்கு. கஞ்சி வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியதை அவன் கவனிக்கவில்லை. பந்தலில் யாரும் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே, அக்காவுக்கு முன்னால் வலது உள்ளங்கையை விரித்தான்.

கமலவேணி அதில் ஒரு கல் உப்பை வைத்தாள். அவன் வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் கையை நீட்டினான்.

“இன்னொன்னு,” என்றான்.