டக், டக், ப்ச்

அந்த வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள், ஒரே டீச்சர். போன வருடம் வேலையை விட்டுப்போன உதவியாளருக்குப் பதில் ஆள் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. வருகிற வழியில் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. மூக்கு துடைப்பது, ஷூ நாடா கட்டுவது, சண்டை விலக்குவது, பாடம் நடத்துவது எல்லாம் இவள் தலையில்தான். வீட்டுக்குப் போனால் படுத்த படுக்கையாக அப்பா. அவள் உட்காருவது பஸ்ஸில் மட்டும்தான், அதுவும் இடம் கிடைத்தால்.

ஒரு மாதமாக பேட்டர்ன் பாடம். சிவப்பு பாட்டில் மூடி, மஞ்சள் மூடி, மறுபடி சிவப்பு, மறுபடி மஞ்சள். "அடுத்தது என்ன?" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிவிட்டது. இருபத்தைந்து பேர் எப்படியோ கரையேறிவிட்டார்கள். மிச்சம் ஒருத்தி. ஆசிரியர் அறையில் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பேர். சேர்ந்து எட்டு மாதமாகிறது, பள்ளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மூடிகளைக் கொடுத்தால் நிறமே பார்க்காமல் அடுக்கிக் கோபுரம் கட்டுவாள்.

இன்று மேற்பார்வை மேடம் வந்திருந்தார். இன்றும் அவள் ஒரு பேட்டர்ன் செய்யாவிட்டால் அடுத்த வருடமும் இதே வகுப்புதான். குழந்தை மக்கு இல்லை என்று டீச்சருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், காகிதத்தில் டிக் விழ வேண்டுமே.

புது ஆளைப் பார்த்ததும் வகுப்பு சந்தைக்கடையானது. டீச்சர் ஸ்கேலால் மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். அடங்கியது.

வாயில்லாப்பூச்சி வழக்கம்போலக் கோபுரம் கட்டினாள்.

குட்டி நாற்காலியில் கஷ்டப்பட்டு உட்கார்ந்திருந்த மேடம், "மூடியை விடுங்க. சத்தத்துல கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

டீச்சர் கையைத் தட்டி, தொடையைத் தட்டி, மறுபடி கையைத் தட்டிக் காட்டினாள். "பார்த்தியா கண்ணு? இப்ப நீயா ஒண்ணு பண்ணு. உனக்குத் தெரிஞ்சது எதுவானாலும் சரி."

குழந்தை டீச்சரின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஸ்கேலை எடுத்தாள். டக், டக். நாக்கை அண்ணத்தில் ஒட்டி, உதட்டைக் கோணி, "ப்ச்" என்றாள். மறுபடி டக், டக், ப்ச். மறுபடியும்.

மூன்றாவது சுற்றுக்குள் வகுப்பே சேர்ந்துகொண்டது. யாரும் சொல்லித்தரவில்லை. இருபத்தாறு பேரும் ஒரே மாதிரி உதட்டைக் கோணினார்கள். ஒரு வாண்டு தலையில் கைவைத்துக்கொண்டு கண்ணையும் மூடியது.

மேடம் சிரித்தேவிட்டார். "பிசகவே இல்லையே! எங்கம்மா கத்துக்கிட்டே?"

குழந்தை டீச்சரை நோக்கி விரலை நீட்டினாள்.

"நல்லாதான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்று மேடம் டிக் போட்டார்.

எந்த டிக்குக்காக ஒரு மாதம் மாரடித்தாளோ, அது விழுந்த நேரத்தில் டீச்சருக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தான் அப்படி ஒரு சத்தம் போடுகிறோம் என்பதே அவளுக்கு இதுவரை தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை முறையோ. யாருடைய ஷூவைக் கட்டும்போதோ, யாருடைய மூக்கைத் துடைக்கும்போதோ. வீட்டில் அப்பாவுக்குத் துணி மாற்றும்போதும் போட்டிருப்பாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பார். நினைக்கவே கூசியது.

மேடம் போன ஐந்தாவது நிமிடம் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு, நோட்டுகளெல்லாம் நனைந்தன. கூச்சல் கிளம்பியது. டீச்சரின் கை அதுபாட்டுக்கு ஸ்கேலை எடுத்தது. டக், டக்.

மூன்றாவதைப் பல்லுக்குப் பின்னாலேயே நிறுத்திக்கொண்டாள். வகுப்பு அமைதியாயிற்று. இருபத்தாறு முகங்களும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தன.

யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தாள்.

"டீச்சர், விட்டுட்டீங்க" என்றாள் வாயில்லாப்பூச்சி.

எட்டு மாதத்தில் முதல் பேச்சு. டீச்சர் ஈரத் தரையிலேயே அவள் உயரத்துக்கு மண்டியிட்டாள்.

"ஆமாடா கண்ணு. விட்டுட்டேன். இனிமே வராது."

பேட்டர்ன் தெரிந்த பிள்ளை. அவள் நம்பவில்லை. டீச்சரின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.