பம்பரம் இல்லாத வீடு

போன அக்டோபரில் பேட்ரிசியா டீச்சர் சொன்ன ஒரு வார்த்தை லூர்துராணியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. "பரவாயில்லை, பிள்ளைங்க இருக்கிற வீடு அப்படித்தான் இருக்கும்." அவ்வளவுதான். சொன்னவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் கண் நாற்காலி மேல் குவிந்திருந்த துணியில் நின்றதை லூர்துராணி பார்த்துவிட்டாள். அந்தப் 'பரவாயில்லை'யை நினைத்து நினைத்து ஒரு வருஷம் வெந்தாள்.

பாலக்கரையில் அந்தத் தெருவில் பன்னிரண்டு வீடுகள். ஜெபமாலை மாதமான அக்டோபரில் மாதா சுரூபம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கும். இன்று சாயங்காலம் வந்தால் நாளை சாயங்காலம் அடுத்த வீட்டுக்குக் கிளம்பும். மாதா பாவம், மேசைமேல் பேசாமல் நின்றுகொள்வாள். கூட வருகிற பெண்கள்தான் அடுக்களை வரைக்கும் எட்டிப் பார்ப்பார்கள்.

லூர்துராணியின் வீட்டில் எட்டிப் பார்க்க நிறைய இருந்தது. புருஷன் தைரியராஜ் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஊரில் உடைந்த ஸ்டவ், ஓடாத கடிகாரம், பேசாத ரேடியோ எல்லாம் அவனைத் தேடி வரும். வந்தது திரும்பிப் போகாது. போதாக்குறைக்கு நாலு பிள்ளைகள். பம்பரம், கோலிக்குண்டு, கிழிந்த நோட்டு, தலையில்லாத பொம்மை. காலை வைக்க இடமிருக்காது.

"இந்த வருஷம் பாருங்க," என்று சனிக்கிழமை காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வீடு கண்ணாடி மாதிரி இருக்கப் போவுது."

கொல்லையில் விறகுக் கொட்டகை இருந்தது. அதற்குக் கதவும் இருந்தது, பூட்டும் இருந்தது. முதலில் ஸ்டவ்களும் சைக்கிள் டயரும் போயின. பிறகு துணி மூட்டை. ஆரம்பித்த கை நிற்குமா? உறை கிழிந்த ரேடியோ, ஒரு பக்கம் துருப்பிடித்த தையல் மெஷின், பிரம்பு அறுந்த நாற்காலிகள், பிள்ளைகளின் புத்தகப் பை, கூடப் போய் மாட்டிக்கொண்ட தைரியராஜின் சவர டப்பா என்று எல்லாம் உள்ளே போயின. தோளால் முட்டிக் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "கொட்டகையைப் பத்தி எவனாவது எவளாவது வாயைத் திறந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்," என்றாள்.

சாயங்காலம் மாதா வந்தாள். தெருவும் வந்தது. வீட்டில் ஒரு மேசை, ஒரு பாய், நாலு தட்டு, வெள்ளையடித்த சுவர். பெண்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பேட்ரிசியா டீச்சர் வாயைத் திறந்து, ஏதோ சொல்ல வந்து, மூடிக்கொண்டார். லூர்துராணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீச்சருக்கே வாயடைத்துப் போனதென்றால் சும்மாவா!

அவர்கள் போனபிறகுதான் உலை வைக்கப் போனாள். விறகு கொட்டகையில், அத்தனை சாமானுக்கும் பின்னால். அதைத் திறந்தால் சரிந்து வருவதைத் திரும்ப அடைக்க இன்னொரு சனிக்கிழமை வேண்டும்.

"ஒரு நாள்தானேங்க," என்றாள். தைரியராஜ் டீக்கடைக்குப் போய்ப் பன் வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பன்தான்.

முதல் பூசை முடிந்து பேட்ரிசியா டீச்சர் ஜெபம் சொல்ல வந்தார். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. தைரியராஜ் சவரம் செய்யாத முகத்தோடு பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க வேறென்ன இருந்தது? லூர்துராணி குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள். டீச்சர் கடைக்குட்டி அமலியைப் பக்கத்தில் இழுத்து மெதுவாகக் கேட்டார்.

"காலையில என்னம்மா சாப்பிட்டே?"

"பன்னு."

"நேத்து ராத்திரி?"

"அதுவும் பன்னு."

"வீட்டுச் சாமானெல்லாம் எங்கேம்மா?"

அமலி கொல்லைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

சாயங்காலம் மாதாவை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகத் தெரு முழுக்க வாசலில் கூடியிருந்தது. அப்போது டீச்சரின் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் வந்தார். கோயில் தர்ம சபைக்கு அவர்தான் காரியதரிசி. பின்னால் இரண்டு பேர் அரை மூட்டை அரிசியைத் தூக்கி வந்தார்கள். அதன்மேல் மடித்த பழைய புடவை ஒன்று, நாலு அரை டவுசர்கள்.

"கஷ்டம் எல்லாருக்கும் வர்றதுதான், தைரியராஜ்," என்றார் ஸ்தனிஸ்லாஸ், தைரியராஜின் தோளைத் தொட்டு. "பாத்திரம் பண்டமெல்லாம் வித்துத் தின்னுற அளவுக்கு விட்டுட்டியே. வேலை போனதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வேலையா? எனக்கா?" என்று தைரியராஜ் விழித்தான்.

லூர்துராணியின் முகத்தில் ஈயாடவில்லை. தெருவே உச்சுக் கொட்டியது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சுத்தக்காரி என்று பேர் வாங்கப் போய்ப் பிச்சைக்காரி என்று பேர் வாங்கிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு அரிசியை வாங்கினால் வீடு கண்ணாடியாகவே இருக்கும், புருஷன் மானம் கப்பலேறிவிடும். அவள் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்பிலிருந்து சாவியை உருவினாள்.

"எல்லாரும் கொல்லைக்கு வாங்க."

பூட்டைத் திறந்ததுதான் தாமதம். ரேடியோ வந்தது, டயர் உருண்டது, துணி மூட்டை அவிழ்ந்து ஆள்மேல் விழுந்தது, கோலிக்குண்டுகள் ஸ்தனிஸ்லாஸின் செருப்புக்கடியில் ஓடின. பிள்ளைகள் நாலு பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு பாய்ந்தார்கள்.

"இது என் தையல் மெஷினு! இது அவரு ரேடியோ! இதெல்லாம் எங்க அழுக்குத் துணி!" என்று லூர்துராணி கத்தினாள். "ஒண்ணையும் விக்கலைங்க. நான் சோம்பேறிங்க, வீட்டை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவ. போதுமா?"

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. பேட்ரிசியா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கீழே கிடந்த ஒரு பம்பரத்தைக் குனிந்து எடுத்தார்.

"நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை, லூர்து," என்றார். "நாலு பிள்ளைங்க இருக்கிற வீட்ல ஒரு பம்பரம்கூட இல்லியேன்னு புரண்டு புரண்டு படுத்தேன். எங்க ஒரே பையன் இன்னாசி சாமியாராப் போறேன்னு செமினரிக்குப் போன அன்னைக்குத்தான் என் வீடு அப்படி ஆச்சு."

டீச்சரின் வீட்டில் எதுவும் எப்போதும் இடம் மாறாது. ஒரு வருஷமாக அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை நினைத்து லூர்துராணிக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் அரிசி மூட்டையைத் திரும்பத் தூக்கச் சொன்னார். மாதா அடுத்த வீட்டுக்குப் போனாள், தெருவும் கூடப் போனது. டீச்சர் போகவில்லை. லூர்துராணி அவசர அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்து, அதிலிருந்த துணியைத் தள்ளப் போனாள்.

"இருக்கட்டும், விடு," என்று டீச்சர் அந்தத் துணியை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சின்ன டவுசரை எடுத்து உதறி, இரண்டாக மடித்தார். அடுத்ததை எடுத்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"அடுத்த வருஷம் மாதா வரப்ப அந்த டயரை மட்டும் எடுத்து வெச்சிடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்."