அரளிப்பூ நிறச் சேலையும் ஐந்து பொம்மைகளும்

ஓணத்துக்கு முந்தைய வாரம், சாலைக் கடைத்தெருவில் பகவதிப்பெருமாள் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஐந்து பொம்மைகளும் ஒரே காலையில் பருமனாயின. அன்று நேந்திரங்காய் விலை ஏறியிருந்தது. கிழக்கேகோட்டையில் வழக்கமான நெரிசல். பொம்மைகளுக்கு இடுப்பு திரண்டது, புஜம் உருண்டது. ரவிக்கைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக் குத்தித்தான் அத்தனை வருஷமும் அவற்றுக்கு அளவு பிடித்திருந்தார்கள். அந்தக் குண்டூசிகள் எல்லாம் தெறித்துக் கண்ணாடியில் பட்டு விழுந்தன. கடை திறக்க வந்த அண்ணாச்சி சாவிக்கொத்தோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு மூலகாரணம் முந்தைய நாள் நடந்த ஒரு பேரம். வள்ளியூர்ப் பக்கத்துப் பொன்செல்வி அந்தக் கடையில் எட்டு வருஷமாகப் பின்கட்டில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பக்கம் நிற்க ஆசை. பெரிய நிலைக்கண்ணாடியின் முன்னால் முந்தானையைத் தன் தோளில் போட்டு, வந்தவர்களுக்குக் காட்டுகிற இடம் அது. அதோடு விடுகிற ஆசையும் இல்லை; என்றைக்காவது தன் பெயரில் ஒரு கடைப்பலகை வேண்டும் என்று மனசுக்குள் எழுத்தின் நிறம்வரை தீர்மானித்திருந்தாள். கேட்கும்போதெல்லாம் அண்ணாச்சி ஒரே பதிலைச் சொன்னார். “முன்னால நிக்கதுக்கு ஒரு வடிவு வேணும்லா பிள்ளே? வாறவ ஒன்னப் பாத்து, இந்தச் சேலையைக் கட்டினா நாமளும் இப்பிடித்தான் இருப்போம்னு நெனச்சுட்டா?” அதனால் அந்த இடத்தில் ஒல்லியான ஜிஷா நின்றாள். பொன்செல்வி தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு கட்டுச் சேலையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினாள்.

வருஷா வருஷம் கடையில் எல்லோருக்கும் ஓணக்கோடி என்று பண்டிகைப் புதுச்சேலை உண்டு. அவளுக்கு மட்டும் சாம்பல் நிறம். உடம்பை அடக்கிக் காட்டுமாம். இந்த முறை அவள் அதை மேசைமேல் திருப்பி வைத்தாள். அந்தத் தெருவில் யாரும் செய்யாத காரியம்.

“வித்த துணியவே திரும்ப எடுக்கதில்ல. சும்மா குடுத்தத எடுக்கணுமாக்கும்?”

“சும்மா குடுக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி ஆளப் பாத்து நெறம் பாக்கீய? எனக்கு அந்த அரளிப்பூ நெறம் வேணும். அகலக் கரை.”

“அகலக் கரையா? ஒனக்கா? தேர் மாதிரி இருப்பே.”

“தேரப் பாக்கத்தான அண்ணாச்சி ஊரே கூடுது?”

பேச்சில் தோற்றால் சரக்கைக் கொடுத்துவிடுவது அண்ணாச்சியின் தொழில் தர்மம். கொடுத்தார்.

மறுநாள் காலையில், தன் அளவுக்குத் தைத்த ரவிக்கையும் அரளிப்பூச் சேலையுமாகத் தெருவில் வந்த பொன்செல்வி, தூரத்திலேயே கண்ணாடிக்குள் ஒருத்தியைப் பார்த்தாள். ‘யாரிது, இவ்வளவு எடுப்பா நிக்கா?’ என்று பொறாமைகூடப் பட்டாள். கிட்டே வந்தபோது அந்த இடது புஜத்தில் தன்னுடைய தீக்காயத் தழும்பு இருந்தது. கழுத்து மடிப்பு அவளுடையது. இடுப்புச் சதையும் அவளுடையதேதான். தன்னை யாரோ ஐந்தாக்கி நடுத்தெருவில் நிறுத்திவிட்டதுபோல இருந்தது அவளுக்கு. ஜிஷா வாயிலிருந்த ஊக்கை விழுங்கப் பார்த்து, “அய்யோ சேச்சீ! அஞ்சும் சேச்சி தன்னே!” என்று அலறினாள்.

அண்ணாச்சி எர்ணாகுளத்துக்குப் போன் போட்டு, சரக்கில் பழுது என்று சண்டை பிடித்து, வேறு ஐந்து பொம்மைகளை வரவழைத்தார். அவையும் இரண்டு நாளில் ஊதிக்கொண்டன. குற்றம் சேலையில்தான் என்று முடிவுகட்டிய அவர், பொன்செல்வியைச் சாம்பல் நிறத்தைக் கட்டச் சொல்லிப் பின்கட்டுக்கு அனுப்பினார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவளும் கட்டினாள்.

பொம்மைகள் இளைக்கவில்லை. மறுநாள் ஐந்தும் தலை குனிந்துகொண்டு, இரண்டு கைகளாலும் வயிற்றை மறைத்துக்கொண்டு நின்றன. மூட்டே இல்லாமல் ஒரே அச்சில் வார்த்த கைகள் அவை. தெருவில் கூடிய கூட்டம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது. அண்ணாச்சியின் கையிலிருந்த சாயா வேட்டியில் கொட்டியது. எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்தது பொன்செல்விதான். எட்டு வருஷம் இப்படித்தானா நடந்தோம்? இதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே.

அவள் கையிலிருந்த சேலைக்கட்டைத் தரையில் வைத்தாள். உள்ளே போய் அரளிப்பூச் சேலைக்கு மாறினாள். வேலை போனால் போகட்டும் என்று நேரே முன்பக்கம் வந்து, யாரையும் கேட்காமல் பெரிய கண்ணாடியின் முன்னால் ஒரு மயில்கழுத்து நிற முந்தானையைத் தோளில் விசிறிப் போட்டாள். முதுகுக்குப் பின்னால் கட்டிலை இழுப்பதுபோல் ஒரு சத்தம்; பத்துக் கைகள் இறங்கின, ஐந்து தலைகள் நிமிர்ந்தன. கூட்டத்திலிருந்து முதலில் உள்ளே நுழைந்தவள் ரத்னாபாய் என்ற பருத்த பேங்க் மேனேஜர். தினமும் அந்த வழியாகப் போகிறவள், ஒருநாளும் கடைக்குள் கால் வைத்ததில்லை. “எண்ட அளவில ஒராளு இங்க நின்னு நான் கண்டதேயில்ல,” என்றாள். “அந்த நடுவில நிக்கிறவ உடுத்திருக்கதும் வேணும், இப்ப உன் தோளில கெடக்கறதும் வேணும்.”

அண்ணாச்சி வேட்டியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “பிள்ளே, உச்சைக்குச் சோறு திங்கப் போகும்போ மெதுவாப் போ. பொம்ம ஆடினா சேல கசங்கும்,” என்றார். முன்பக்கம் அவளுக்கானது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

வருஷங்கள் ஓடி, இப்போது எதிர்வரிசையில் பொன்செல்வியின் சொந்தக் கடையில் அவள் பெயரில் அரளிப்பூ நிற எழுத்தில் பலகை தொங்குகிறது. பொம்மைகளை அண்ணாச்சி விடவில்லை. அவை அவளை விடவில்லை. பொம்மைகளுக்கும் அதே நிறம் உடுத்த, தினமும் ஜிஷா தெருவைக் கடந்து போய், “சேச்சி, நாளைக்கு எந்தா நெறம்?” என்று கேட்டு வருகிறாள். போன சித்திரையில் பொன்செல்விக்கு முதல் நரை தெரிந்தது. மறுநாள் அண்ணாச்சி கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, ஐந்து பொம்மைகளின் காதோரத்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, நரைக்கு எடுப்பாக இருக்கும் என்று மாம்பழ நிறச் சேலைகளை எடுத்து வைக்கச் சொன்னார்.